வரிசையில் ஒரு கிளிப்

கிளிப் இடம் மாறியிருந்தது.

ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கிவிட்டுக் குனிந்து உள்ளே வந்த ப்ரீத்தி, கண் இருட்டுக்குப் பழகுவதற்கு முன்பே அதைக் கவனித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கிளம்பியபோது அந்தப் பழுப்பு நிற முடிக் கிளிப், டான்ஸ் ஆடும் பெட்டியின் திரைக்குக் கீழே நீளமாக ஓடும் விளிம்பில், வலது கோடியில் இருந்தது. இப்போது இடது கோடியில் இருந்தது. இடைப்பட்ட இடமெல்லாம் மெல்லிய தூசி. தூசியில் எதையும் இழுத்த தடம் இல்லை. யாரோ கையில் எடுத்து, இடம் பார்த்து, வைத்திருக்கிறார்கள்.

முத்துக்குமரன் வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். நினைக்கும்போதே அது நடந்திருக்காது என்றும் தெரிந்தது. இந்தப் பெட்டியில் ஆடுகிற ஒருவரும் அந்தக் கிளிப்பைத் தொட மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. வில்லியனூர் கடைத்தெருவில் அவர்களுடைய மிக்சி, கிரைண்டர் கடைக்குப் பின்னால் இருக்கும் குடோன் அது. கடைக்கு லீவு. காலையிலிருந்து பெய்த மழை விட்டு, தகரக் கூரையின் ஓரத்தில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. நனைந்த அட்டைப்பெட்டியின் வாசனையும் எலிமருந்தின் வாசனையும் கலந்து நின்ற அந்த இடத்தின் நடுவில்தான் பெட்டி இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு திரை. கீழே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இரும்பு மேடை. ஒவ்வொரு மேடையிலும் மேல், கீழ், இடது, வலது என்று நான்கு அம்புத் தட்டு, முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு வளைந்த கம்பி. பாட்டு ஓடும்போது திரையின் அடியிலிருந்து அம்புகள் ஏறிவரும். உச்சியில் இருக்கும் கோட்டை எந்த அம்பு தொடுகிறதோ அதைக் காலால் மிதிக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

சென்னையில் ஏதோ ஒரு மால் மூடியபோது, காயலான் கடைக்குப் போக இருந்த அதை ப்ரீத்தியின் அண்ணன் நவநீதன் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தான். "இத வச்சினு இன்னாடா பண்ணப்போற?" என்று அப்பா கேட்டார். "ஆடப்போறேன்" என்றான். வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனால் மூன்றே மாதத்தில் ஞாயிறு வந்தால் குடோன் வாசலில் பதினைந்து ஜோடி செருப்பு கிடக்க ஆரம்பித்தது. பாகூரிலிருந்து அருள்தாஸ், குருவிநத்தத்திலிருந்து பஸ் மாறி வரும் ஒரு பி.டி. வாத்தியார், சென்சார் போனால் சரிசெய்யும் எலக்ட்ரீஷியன் முத்துக்குமரன். ஊர் இவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது. இவர்கள் ஊரைப் பார்க்கவே இல்லை, திரையைத்தான் பார்த்தார்கள்.

அவ்வளவு பேர் சேர்ந்தால் முறைவரிசை வேண்டும். திரைக்குக் கீழே இருக்கும் விளிம்பில் அவரவர் ஒரு பொருளை வைத்துவிட வேண்டும். முத்துக்குமரன் ஒரு கருகிய ஃபியூஸ் வைப்பான். ப்ரீத்தி ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் வைப்பாள். இடமிருந்து வலமாக முறை வரும். அடுத்தவர் பொருளைத் தொடக் கூடாது. முறை வந்ததும் பொருளை எடுத்துக்கொண்டு ஏற வேண்டும், எடுத்துவிட்டால் ஏறியே ஆக வேண்டும், ஏறிவிட்டால் பாட்டு முடியும்வரை இறங்கக் கூடாது. கேட்டால் சிரிப்பு வரும் சட்டம்தான். ஆனால் சொந்த வீட்டில் எதற்கும் கட்டுப்படாதவர்கள்கூட அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

ஜோஸ்பின் வைக்கும் பொருள் அந்தக் கிளிப். ஒரு பல் உடைந்தது.

அவள் செத்துப்போன பிறகு அதை எடுத்துப் போட ஒருவருக்கும் மனசு வரவில்லை. அவள் வந்து எடுக்காத பொருளை எடுக்க நாம் யார் என்று எல்லோருக்கும் தோன்றியது. அதனால் ஏழு வாரமும் தங்கள் பொருள்களைக் கிளிப்புக்கு இடது பக்கமாகவே வைத்துவந்தார்கள். கிளிப் எப்போதும் கடைசி. அவளுடைய முறை வந்துகொண்டே இருந்தது, வராமலும் இருந்தது. அன்பில்தான் அப்படிச் செய்தார்கள். அதற்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

நாளைக் காலையில் கடலூரிலிருந்து ஆள் வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போகப்போகிறான். இதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது என்று சொல்லி நவநீதன்தான் விற்றான். வெள்ளிக்கிழமை கடைசி ஆட்டம் முடிந்ததும் அவரவர் தங்கள் பொருளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்கள். விளிம்பில் கிளிப் மட்டும் மிஞ்சியது.

அதைக் கேட்டு நேற்று ஜோஸ்பினின் அம்மா காசம்மாள் போன் செய்திருந்தாள். இன்றைக்குக் கல்லறைத் திருநாள். உறுவையாறு ஊரில் மகளின் கல்லறையைக் கழுவி, சாமந்தி போட்டு, மெழுகுவத்தி ஏற்றி வைத்துக் காத்திருப்பாள். "அவ கிளிப்பு அங்கதான கீது? எடுத்தாம்மா. தலைமாட்டுல வச்சிட்டு வந்துர்றேன்" என்று சொன்னாள். அதற்காகத்தான் ப்ரீத்தி வந்திருந்தாள். எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும், ஒரு நிமிஷ வேலை. ஷட்டர் சாவி ஒன்று அவளிடம் இருந்தது, லைட்டுக்கான மெயின் சுவிட்ச் பெட்டியின் சாவி கல்யாணத்துக்குப் போன அண்ணனோடு போய்விட்டது. அதனால் வெளிச்சம் ஷட்டருக்குக் கீழே வருவது மட்டும்தான்.

பெஞ்சில் கைப்பையை வைத்துவிட்டு முத்துக்குமரனுக்குப் போன் செய்தாள்.

"கிளிப்ப நகர்த்துனியா?"

"நானா? நான் ஏன் அதத் தொடப்போறேன்? ஏன், இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. இடது பக்கம் வந்துகீது."

"நான் அந்தப் பக்கமே வரல. வெள்ளிக்கிழம பெட்டி வயரயே உருவிட்டு வந்துட்டேன். சுத்தி மேல கட்டி வச்சிருப்பேன் பாரு."

நிமிர்ந்து பார்த்தாள். கறுப்பு வயர் வட்டமாகச் சுற்றப்பட்டு, பிளக் தெரிய, பெட்டியின் தலையில் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது.

"ஆமா, கீது."

"ப்ரீத்தி" என்றான். "வரிசையில இப்ப அவ மட்டும்தான். மொத ஆளு அவதான். அதான் யாராவது அங்க வச்சிருப்பாங்க. வாத்தியாரா இருக்கும். உட்டுடு."

வாத்தியாரிடம் சாவி கிடையாது. அதைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள்.

அவளால் அந்தப் பெட்டியை நேராகப் பார்க்க முடியவில்லை. ஏழு வாரமாகவே அப்படித்தான். மற்றவர்கள் ஆடும்போது பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். துக்கம் என்று விட்டுவிட்டார்கள். துக்கம்தான். ஆனால் துக்கம் மட்டும் இல்லை.

ஜோஸ்பின் மருந்துக் கம்பெனி ஒன்றில் பாக்கிங் வேலை பார்த்தவள். ஷிப்டு முடிந்து ஸ்கூட்டியில் நேராகக் குடோனுக்கு வருவாள். ஷூ போட்டு ஆட மாட்டாள். பையிலிருந்து சந்தன வாசனைப் பவுடர் டப்பாவை எடுத்து இரண்டு உள்ளங்காலிலும் தட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஏறுவாள். அவள் ஆடி இறங்கினால் கறுப்பு இரும்பின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பாதம் கிடக்கும். முத்துக்குமரன் திட்டிக்கொண்டே துடைப்பான். பெட்டிக்குள் இருந்து ஒரு ஆம்பளைக் குரல் என்னவோ ஒரு பாஷையில் கத்தும். அதற்கு ஜோஸ்பின்தான் அர்த்தம் சொல்லுவாள். தோற்றுப்போனால் வரும் நீளமான வாக்கியத்துக்கு அவள் சொன்ன அர்த்தம், "வூட்டுக்குப் போம்மா, சோறு ஆறிப்போவுது." மூன்று வருஷமாக அதுதான் அர்த்தம். யாருக்கும் வேறு அர்த்தம் தேவைப்படவில்லை.

ப்ரீத்தியும் ஜோஸ்பினும் ஜோடி. ஜோடி ஆட்டத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே உயிர். திரையின் உச்சியில் பச்சையாக ஒரு பட்டை இருக்கும். யார் தவறவிட்டாலும் குறையும், யார் சரியாக மிதித்தாலும் ஏறும். இடையில் வாலோடு நீளமான அம்புகள் வரும். அந்த வால் முழுக்கக் கோட்டைக் கடந்து முடியும்வரை மிதித்த காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் பட்டை மளமளவென்று இறங்கிவிடும்.

அன்றைக்கும் ஞாயிறு, அன்றைக்கும் மூன்று மணி. மற்றவர்கள் நான்கு மணிக்குத்தான் வருவார்கள். அடுத்த வாரம் சென்னையில் போட்டி. அவர்கள் எடுத்திருந்த பாட்டுக்குப் பெயர் இல்லை. அதன் வேகத்தை வைத்து நூத்தி எழுபது என்று கூப்பிடுவார்கள். ஜோஸ்பின் அன்று மூச்சு வாங்கினாள். மூன்று தடவை ஒரே இடத்தில் தவறவிட்டாள். நான்காவது தடவையும் பாதியில் தவறியபோது ப்ரீத்திக்குக் கோபம் வந்துவிட்டது.

"உன்னால முடியலன்னா சொல்லித் தொல" என்று சொல்லிவிட்டு, பாட்டு ஓடும்போதே இறங்கினாள்.

"ஏறுடி" என்றாள் ஜோஸ்பின். திரும்பவில்லை. அம்புகளிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏறுடி, போயினு இருக்குது பாரு" என்றாள்.

ப்ரீத்தி ஏறவில்லை. பக்கக் கதவு வழியாகக் கடைக்குள் போனாள். யாரோ ஒரு அம்மா மிக்சி ஜாருக்கு வாஷர் கேட்டு வந்திருந்தாள். ஞாயிறு கடை கிடையாது என்று அனுப்பியிருக்கலாம். அனுப்பாமல் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினாள். வேண்டுமென்றேதான் செய்தாள். தனியாக ஆடிப் பார்க்கட்டும், அப்போது தெரியும் என்று நினைத்தாள். உள்ளே இரண்டு மேடையிலும் தடதடவென்று கால் விழும் சத்தம் கேட்டது. ஒரே ஆளின் கால். அங்கும் இங்கும் தாவித் தாவி, இரண்டு பேருக்கும் சேர்த்து. அப்புறம் அது நின்றது.

பதினைந்து நிமிஷம் கழித்துத்தான் உள்ளே போனாள்.

பாட்டு முடிந்திருந்தது. தோற்கவில்லை, பட்டையில் ஒரு நூலளவு பச்சை மிச்சமிருந்தது. ஜோஸ்பின் இரண்டு மேடைக்கும் குறுக்கே விழுந்து கிடந்தாள். அவளுடைய வலது கால் அவள் பக்கத்து அம்புமேல் இருந்தது. கை நீண்டு, ப்ரீத்தி மிதித்திருக்க வேண்டிய அம்பை அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டு தட்டிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சின்ன வயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சலில் இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்ததாம். அது காசம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். ஜோஸ்பின் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் ஆட விட மாட்டார்கள்.

அடக்கம் முடிந்த அன்று காசம்மாள் ப்ரீத்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கடைசியா யாரு கூட இருந்தது?"

"நான்தாம்மா. பக்கத்துலயே இருந்தேன். ஆடினே இருந்தோம், அப்படியே சாஞ்சிட்டா" என்றாள் ப்ரீத்தி.

"அது போதும்மா. எம்பொண்ணு தனியா போவல" என்று காசம்மாள் அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்தக் கைதான் இப்போது கிளிப்பை நோக்கி நீண்டது. விரல் பட்டதும் ப்ரீத்தி ஒரு கணம் நின்றாள். பிளாஸ்டிக் வெதுவெதுப்பாக இருந்தது. மழைநாளில், ஆள் இல்லாத குடோனில், அது அப்படி இருக்கக் காரணமில்லை. பற்களுக்கு நடுவில் ஒரு நீளமான முடி சுருண்டிருந்தது. எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

பின்னால் எங்கோ க்ளிக் என்று ஒரு சத்தம்.

அது என்ன சத்தம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். அம்புத் தட்டு கால் பட்டு ஒரு நூல் அளவு கீழே இறங்கும் சத்தம். மழையில் இரும்பு சுருங்கும், சத்தம் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கைப்பையை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். அப்போது அட்டைப்பெட்டி வாசனைக்கும் எலிமருந்து வாசனைக்கும் கீழே இருந்து, மெதுவாக, சந்தனப் பவுடர் வாசனை வந்தது.

ஓடியிருக்கலாம். ஷட்டர் ஆறு எட்டில்தான் இருந்தது. அதற்கு அப்பால் ஈரத் தெரு, சைக்கிளில் போகும் ஒருவன், டீக்கடை ரேடியோ எல்லாம் இருந்தன. ஆனால் அவளுடைய கால் நின்றுவிட்டது. எடுத்தால் ஏற வேண்டும். மூன்று வருஷத்தில் ஆயிரம் தடவை எடுத்திருக்கிறாள், ஆயிரம் தடவை ஏறியிருக்கிறாள். ஒரே ஒரு தடவை பாதியில் இறங்கினாள். இன்றைக்கு இதைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறாமலே போனால், இரண்டாவது தடவையும் விட்டுவிட்டுப் போனதாகும். வெளியாள் யாரிடம் சொன்னாலும் பைத்தியம் என்பார்கள். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது.

ஒரு நிமிஷம் நின்றுவிட்டு இறங்கிவிடலாம் என்று முடிவு செய்தாள். செருப்பைக் கழற்றினாள். கிளிப்பைத் தன் தலையில் குத்திக்கொண்டாள். இடது மேடையில், தன் இடத்தில் ஏறி, முதுகுக் கம்பியைப் பிடித்தாள். இரும்பு சில்லென்றிருந்தது.

"மன்னிச்சிடுடி" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "தெரியாதுடி எனக்கு. நீ சொல்லவே இல்லியே. சொல்லியிருந்தா இறங்கியிருப்பனா?"

கூரை சொட்டிக்கொண்டிருந்தது. திரை கறுப்பாக இருந்தது. கறுப்பில் அவளுடைய உருவம் மங்கலாகத் தெரிந்தது, பக்கத்தில் வெறும் இருட்டு. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சரி, போதும் என்று இறங்கக் காலைத் தூக்கினாள்.

வலது மேடையில் க்ளிக்.

குனிந்து பார்த்தாள். மங்கிய வெளிச்சத்தில் கறுப்பு இரும்பின்மேல் ஒரு பாதம் வெள்ளையாக இருந்தது. ஐந்து விரலும் தனித்தனியாக. ஒரு வினாடி முன்னால் அது இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. பவுடர் மெல்லப் பறந்து அடங்கியது.

திரை விழித்தது.

வயர் மேலே சுற்றியபடியே இருந்தது. பிளக்கின் மூன்று பித்தளைக் காலும் அவள் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனாலும் திரையில் வெளிச்சம் வந்தது, ஸ்பீக்கருக்குள் ஒரு உறுமல் வந்தது, பாட்டு வந்தது. நூத்தி எழுபது. முதலிலிருந்து இல்லை. நடுவிலிருந்து. அவள் இறங்கிப்போன அதே இடத்திலிருந்து.

உச்சியில் பச்சைப் பட்டை. பாதிக்கும் கீழே.

அம்புகள் ஏறி வந்தன.

காலுக்கு யோசிக்கத் தெரியாது, மிதிக்கத்தான் தெரியும். இடது, மேல், வலது, வலது. மனசு ஷட்டர் பக்கம் இழுத்தது, கால் அம்பின் பின்னால் போனது. பக்கத்தில் தட்டுகள் இறங்கி ஏறின. பவுடர்ப் பாதங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து கலங்கின. தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. திருப்பினால் அம்பு தவறும். அதைவிட, திருப்பினால் என்ன தெரியும் என்ற பயம். தெரிந்தாலும் பயம், தெரியாவிட்டாலும் பயம்.

ஆனால் பக்கத்தில் ஆடுவது அவள்தான். அதில் சந்தேகமே இல்லை. மேல் அம்புக்கு முன்னால் அரை நொடி தாமதிப்பாளே, அந்தத் தாமதம். தாவி இறங்கும்போது குதிகால் முதலில் படுமே, அந்தச் சத்தம். ப்ரீத்தி அழுதுகொண்டே ஆடினாள். இவ்வளவு நன்றாக அவர்கள் ஒருநாளும் ஆடியதில்லை. பட்டை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்புறம் மூச்சு கேட்டது.

வலது பக்கத்திலிருந்து. காதுக்கு அருகில். நீளமாக இழுத்து, நடுவில் சிக்கி, விடமுடியாமல் விடும் மூச்சு. அன்றைக்கு அதைக் கேட்டாள். மூன்று தடவை கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் கோபப்பட்டாள்.

"போதும்டி, நிறுத்திடு" என்றாள்.

நிற்கவில்லை.

கடைசிக் கட்டம் வந்தது. கடைசியாக இரண்டு பக்கமும் ஒரு நீள அம்பு, அதோடு பாட்டு முடிந்துவிடும். அவளுடைய பக்கத்தில் வலது அம்பு ஏறி வந்தது. மிதித்தாள். அழுத்திப் பிடித்தாள். பக்கத்திலும் தட்டு இறங்கியது. பச்சை வால் கோட்டைக் கடக்க ஆரம்பித்தது. நான்கு எண்ணினால் முடியும். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

வால் முடியவில்லை.

எட்டு. பத்து. இருபது.

பாட்டு நின்றுவிட்டது. வால் மட்டும் அடியிலிருந்து ஏறி வந்துகொண்டே இருந்தது. முனை இல்லை. திரையின் விளிம்புக்குக் கீழே, இரும்புக்கும் சிமெண்டுத் தரைக்கும் கீழே எங்கிருந்தோ வந்தது.

கெண்டைக்கால் நடுங்கியது. குதிகாலை ஒரு நூல் தூக்கிப் பார்த்தாள். பட்டை சரிந்தது. பக்கத்தில் மூச்சு நின்றது.

அழுத்தினாள்.

மூச்சு வந்தது.

மறுபடியும் தூக்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பெஞ்சில் போன் அடித்தது. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. ஷட்டருக்குக் கீழே கிடந்த வெளிச்சம் வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து சாம்பலாகியது. மழை பிடித்தது. காலில் முதலில் வலி இருந்தது, பிறகு எரிச்சல், பிறகு ஒன்றுமே இல்லை. முட்டிக்குக் கீழே தனக்குக் கால் இருக்கிறதா என்பதைப் பக்கத்து மூச்சை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள்.

ஷட்டர் தகரம் அதிர்ந்தது. யாரோ குனிந்து உள்ளே வந்தார்கள். தலையில் முக்காடு, கையில் பிளாஸ்டிக் பை, ஈரச் செருப்பு.

"ப்ரீத்தி?" என்றாள் காசம்மாள். "எவ்ளோ நேரம்மா கல்லறையிலயே குந்தினு இருப்பேன்? போனும் எடுக்கல. இன்னாத்துக்கு இருட்டுல நிக்கற?"

இருட்டு என்கிறாள். திரை இவ்வளவு வெளிச்சமாக எரிகிறது, அவள் கண்ணுக்கு இருட்டு.

"வாம்மா, எறங்கு."

"எறங்க முடியாதும்மா."

காசம்மாள் பைக்குள் துழாவி, கல்லறைக்கு வாங்கியதில் மீந்த மெழுகுவத்தியை எடுத்து ஏற்றினாள். சுடர் அவள் முகத்தைக் காட்டியது. அழுது ஓய்ந்த முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் ப்ரீத்தியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அம்மா, அன்னிக்கு நான் பக்கத்துல இல்லம்மா. பொய் சொன்னேன். சண்ட போட்டுனு இறங்கிட்டேன். அவ ஏறுடி ஏறுடின்னு கூப்ட்டா. நான் ஏறல. தனியாதாம்மா போனா."

காசம்மாள் ப்ரீத்தியைப் பார்க்கவே இல்லை. மெழுகுவத்தி வெளிச்சம் வலது மேடையில் விழுந்திருந்தது, அவள் அங்கே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். மெழுகுவத்தி சாய்ந்து, சூடான மெழுகு அவள் விரலில் ஒழுகியது. அதை உதறவில்லை.

மெதுவாகக் கிட்டே வந்தாள். மெழுகுவத்தியைத் திரைக்குக் கீழே, பொருள்கள் வைக்கும் விளிம்பில், இடது கோடியில் நிறுத்தினாள். மேடைக்கு முன்னால் மண்டி போட்டாள். இரண்டு கையையும் நீட்டி, வெறும் காற்றில், குழந்தையின் கணுக்காலைப் பிடிப்பதுபோல வளைத்துப் பிடித்தாள். விரல்கள் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் ஏதோ இருந்தது.

"சில்லுனு கீதே" என்றாள். முந்தானையை இழுத்து அதன்மேல் போர்த்தினாள். துணி தரையில் விழவில்லை. கணுக்கால் உயரத்தில் சுற்றி நின்றது.

"அம்மா" என்றாள் ப்ரீத்தி. "எனக்குக் கால் போவுதும்மா. எடுத்தா அவ மூச்சு நின்னுடுது. எவ்ளோ நேரம் முடியும்னு தெரியல."

காசம்மாள் எழுந்தாள். ஷட்டர் பக்கம் நடந்தாள். யாரையாவது கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தாள் ப்ரீத்தி. தெருவில் ஒரு பைக் போனது, டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். காசம்மாள் குனிந்து, ஷட்டரைப் பிடித்து, கீழே தரையில் முட்டும்வரை இழுத்துவிட்டு, உள்கொண்டியைப் போட்டாள்.

திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு கை பழையபடி வலது மேடையில் காற்றை வளைத்துக்கொண்டது. இன்னொரு கை இடது மேடைக்கு வந்து, ப்ரீத்தியின் மரத்துப்போன பாதத்தின்மேல் உட்கார்ந்து, தன் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தியது.

"எடுக்காதம்மா" என்றாள். குரலில் கோபமே இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "நீ பக்கத்துலயே இரு. காலை மட்டும் எடுக்காத."

திரையில் பச்சை வால் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மூச்சு சிக்கி, இழுத்து, வந்தது. மெழுகுவத்தி பாதி எரிந்திருந்தது.